ஆல்ஃபா தலைமுறை: மிக இளைய நுகர்வோரைப் புரிந்துகொள்ள ஓர் எளிய அறிமுகம்

ஒரு வீட்டில் புதிதாக டிவி வாங்கப் போகிறார்கள். காசு கொடுப்பது அப்பாவோ அம்மாவோதான். ஆனால் எந்த மாடலில் எந்த ஆப் ஓடும், எது கேம் விளையாட ஏற்றது, எதைப் பற்றி யூடியூபில் குறை சொல்கிறார்கள் என்று அடுக்கடுக்காகச் சொல்வது பத்து வயதுப் பிள்ளை. பெரியவர்களும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பிள்ளை சொல்வது பல சமயம் சரியாகவும் இருக்கிறது. சம்பளமோ வங்கிக் கணக்கோ இல்லாத இந்த வயதினரைச் சந்தை ஆய்வாளர்கள் ஏன் இவ்வளவு உற்றுக் கவனிக்கிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும்.

இவர்களுக்கு ஆல்ஃபா தலைமுறை என்று பெயர் வைத்தவர் ஆஸ்திரேலிய சமூக ஆய்வாளர் மார்க் மெக்ரிண்டில். 2010 முதல் 2024 வரை பிறந்தவர்கள் என்பது அவருடைய கணக்கு. 2025-இலிருந்து பிறப்பவர்கள் பீட்டா. ஐபேட் விற்பனைக்கு வந்ததும் இன்ஸ்டாகிராம் தொடங்கியதும் 2010-இல்தான் என்பதால் அந்த ஆண்டு தொடக்கமாகப் பொருந்திவருகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையமோ, இவர்களுக்கு முந்தைய ஜென் ஸீ தலைமுறையை 1997 முதல் 2012 வரை என்று வைத்திருக்கிறது. அப்படியானால் 2011-இல் பிறந்த பிள்ளை எந்தப் பக்கம்? யாருடைய கணக்கை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நாம் பேச்சில் 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ் என்று பிரிக்கிறோமே, அதே மாதிரி வசதிக்காகப் போட்ட கோடுதான் இதுவும். கோட்டின் இந்தப் பக்கம் பிறந்தவருக்கும் அந்தப் பக்கம் பிறந்தவருக்கும் திடீரென்று குணம் மாறிவிடாது.

எண்ணிக்கையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 13 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. 15 ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 200 கோடிப் பேர். இவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பிறந்தவர்கள். 2020-இல் யுனிசெஃப் அமைப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய இணைப்பே இல்லை. ‘பிறந்ததிலிருந்தே கையில் டேப்லெட்டுடன் வளர்ந்தவர்கள்’ என்று இந்தத் தலைமுறையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த எண் கண்ணுக்கு மறைந்துபோகிறது. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இனி இங்கே சொல்லப்போகும் பழக்கங்களில் பல, இணையம் கைக்கெட்டும் வீடுகளில் வளரும் பிள்ளைகளுடையவை. அதை மறக்காமல் படியுங்கள்.

வயதா, காலமா, தலைமுறையா?

இந்தத் துறைக்குள் புதிதாக நுழைகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு பிரிவினையை. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை’ என்று ஒருவர் சொல்கிறார். அது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதற்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது வயது. ஏழு வயதில் யாருக்குத்தான் பொறுமை இருந்தது? இன்றைய பிள்ளைக்கு இருபத்தைந்து ஆகும்போது அந்த அவசரம் தணிந்துவிடலாம். இரண்டாவது காலம். ஆர்டர் போட்ட பொருள் மறுநாளே வந்துவிடும் காலத்தில் தாத்தாவுக்கும்தான் பொறுமை குறைந்திருக்கிறது. மூன்றாவதுதான் உண்மையான தலைமுறைத் தாக்கம்: ஒரு குறிப்பிட்ட வயதில் ஒரு குறிப்பிட்ட நிகழ்வுக்கு உள்ளானவர்களிடம் மட்டும் தங்கிப்போவது. 2020 ஏப்ரலில் உலகம் முழுக்கப் பள்ளிகள் மூடியபோது ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. பெருந்தொற்று எல்லோருக்கும்தான் வந்தது. ஆனால் முதல் எழுத்தையும் முதல் நட்பையும் திரை வழியாகக் கற்றுக்கொள்ள நேர்ந்தது ஐந்தாறு வயதில் இருந்தவர்களுக்கு மட்டும்தான். அதன் தடம் அவர்களிடம் எவ்வளவு காலம் இருக்கும் என்பது அவர்கள் வளர வளரத்தான் தெரியவரும்.

இளமையில் சேர்ந்து அனுபவித்த வரலாறுதான் ஒரு தலைமுறையை ஆக்குகிறது என்ற இந்தக் கருத்து 1920-களிலேயே கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் விரிவாகப் பேசியதுதான். ஆனால் நடைமுறையில் இந்த மூன்றையும் பிரித்தெடுப்பது கடினம். அதனால்தான் 2021-இல் சமூகவியலாளர் ஃபிலிப் கோஹனும் இன்னும் பல ஆய்வாளர்களும் சேர்ந்து, தலைமுறைப் பெயர்களைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று பியூ மையத்துக்குத் திறந்த மடல் எழுதினார்கள். இனிமேல் இந்தப் பெயர்களை அளந்துதான் பயன்படுத்துவோம் என்று 2023-இல் அந்த மையமும் அறிவித்தது.

இளையவர்களைப் பார்க்கும் கண்ணிலும் கோளாறு இருக்கலாம். 2019-இல் ஜான் புரோட்ஸ்கோ, ஜோனதன் ஸ்கூலர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு சுவையான விஷயம் தெரிந்தது. நிறையப் படித்தவர்களுக்கு, இன்றைய பிள்ளைகள் படிப்பதே இல்லை என்று தோன்றுகிறது. மரியாதைக்கு முக்கியத்துவம் தருபவர்களுக்கு, பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று தோன்றுகிறது. தான் எதில் மேலோ அதிலேயே பிள்ளைகள் குறைவு என்று நினைப்பது மனித இயல்பாக இருக்கிறது. ஆகவே இளைய தலைமுறை பற்றிய ஒரு குறையைக் கேட்டால், சொல்பவர் யார் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

வாங்கக் கற்றுக்கொள்வது எப்படி நடக்கிறது?

பிள்ளைகளை நுகர்வோராக முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்நீல். ஒரு பிள்ளைக்குள் மூன்று சந்தைகள் இருப்பதாக அவர் சொன்னார். தன் கைக்காசில் தானே வாங்குவது ஒன்று. குடும்பம் வாங்குவதில் செல்வாக்குச் செலுத்துவது இன்னொன்று. வளர்ந்த பிறகு வாங்கப்போவது மூன்றாவது. இதில் பணத்தில் சின்னது முதலாவதுதான். மேலே சொன்ன டிவி இரண்டாவதில் அடங்கும். ஒரு பிராண்ட் ஐந்து வயதுப் பிள்ளையிடம் நல்ல பெயர் எடுக்க மெனக்கெடுவது மூன்றாவதற்காக.

பிள்ளையின் அறிவு வளர வளர வாங்கும் முறையும் மாறுகிறது. 1999-இல் டெபோரா ரோடர் ஜான் என்ற ஆய்வாளர் இதை மூன்று கட்டங்களாகத் தொகுத்தார். 3 முதல் 7 வயது வரை கண்ணுக்குத் தெரிவதுதான் எல்லாம்: நிறம், அளவு, பெட்டியில் இருக்கும் பொம்மை. 7 முதல் 11 வரை ஒப்பிடத் தெரிகிறது. இது விலை அதிகம், ஆனால் அதிக நாள் உழைக்கும் என்று யோசிக்க வருகிறது. 11 முதல் 16 வரை, ஒரு பொருள் தன்னைப் பற்றி மற்றவர்களிடம் என்ன சொல்லும் என்ற நினைப்பு பெரிதாகிறது. நண்பர்கள் என்ன நினைப்பார்கள் என்பது விலையைவிட முக்கியமாகிவிடும் வயது அது.

விளம்பரம் என்பது நம்மை ஒன்றை வாங்க வைக்கச் செய்யப்படும் முயற்சி என்பதே ஏறத்தாழ எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குச் சரியாகப் புரியாது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004-இல் சொன்ன முடிவு இது. அதற்கு முன்பே கனடாவின் கியூபெக் மாகாணம் 1980-இல் 13 வயதுக்குக் கீழுள்ளவர்களை நோக்கிய விளம்பரத்தைத் தடை செய்துவிட்டது. 1991-இல் ஸ்வீடன், 12 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கான டிவி விளம்பரத்தைத் தடுத்தது. ஆனால் அந்தச் சட்டங்கள் வந்த காலத்தில் விளம்பரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தது. நிகழ்ச்சி நிற்கும், விளம்பரம் வரும், மறுபடி நிகழ்ச்சி. இன்று அந்த இடைவெளி இல்லை.

எங்கே பார்க்கிறார்கள், யாரை நம்புகிறார்கள்?

2022-இல் கூகுளின் மூத்த நிர்வாகி பிரபாகர் ராகவன் ஒரு மாநாட்டில் சொன்ன தகவல் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மதிய உணவுக்கு இடம் தேடும் இளைஞர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூகுள் தேடலுக்கோ மேப்ஸுக்கோ வராமல் டிக்டாக், இன்ஸ்டாகிராம் பக்கம் போகிறார்கள் என்றார். அது ஜென் ஸீ வயதினரைப் பற்றியது. அவர்களுடைய தம்பி தங்கைகளான ஆல்ஃபா பிள்ளைகள் அதே பழக்கத்துக்குள்தான் வளர்கிறார்கள். பல சமயம் அவர்கள் தேடுவதுகூட இல்லை. பொருள் தானாக அவர்கள் முன் வந்து நிற்கிறது.

2024 தொடக்கத்தில் பல நாடுகளில் பேசப்பட்ட ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பத்து, பதினொரு வயதுச் சிறுமிகள் முகச்சுருக்கத்தைப் போக்கும் ரெட்டினால் கிரீம்களைக் கேட்டுக் கடைகளில் நின்றார்கள். சுருக்கமே இல்லாத முகத்துக்கு அது எதற்கு? இளம் தோலுக்கு அது எரிச்சல் தரும் என்று தோல் மருத்துவர்களும் எச்சரித்தார்கள். ஆனால் சிறுமியின் இடத்தில் இருந்து பாருங்கள். அவள் தினமும் பார்க்கும் ஒரு அக்கா, காலையில் எழுந்து பள்ளிக்கோ கல்லூரிக்கோ கிளம்புவதைக் காட்டுகிறாள். நடுவில் பளிச்சென்ற மூடியுள்ள ஒரு புட்டியை அழுத்துகிறாள், கிரீம் வருகிறது. ‘இதை வாங்கு’ என்று அவள் சொல்லவே இல்லை. மறுநாள் வகுப்பில் இரண்டு தோழிகள் அதே புட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் புட்டி இப்போது தோலுக்கான மருந்தாக இல்லை. அந்த வட்டத்துக்குள் நுழையும் அனுமதிச் சீட்டாகிவிட்டது. 3 வயதுக்காரரைப் போல நிறத்துக்கு மயங்குவதும், 13 வயதுக்காரரைப் போலத் தோழிகளுக்கு ஈடாக நிற்க விரும்புவதும் ஒரே பிள்ளையிடம் ஒரே நேரத்தில் நடக்கிறது.

திரையில் வருபவரை நேரில் பழகியவரைப் போல உணர்வது புதிதல்ல. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-இலேயே, டிவி தொகுப்பாளர்கள் மீது பார்வையாளர்களுக்கு வரும் ஒருதலை நட்பைப் பற்றி எழுதினார்கள். இப்போது மாறியிருப்பது நெருக்கம். அந்த அக்கா கமெண்டுக்குப் பதில் போடுகிறாள், தன் அறையைக் காட்டுகிறாள், அழுகிறாள். ஆகவே பிராண்டின் பெயரைவிட அவள் பேச்சுக்கு எடை அதிகம். அதே நெருக்கத்தால், அவள் பொய் சொன்னாள் என்று தெரிந்தால் கோபமும் அதிகம். பணம் வாங்கிக்கொண்டு பேசியதை மறைப்பதை இந்தப் பிள்ளைகள் எளிதில் மன்னிப்பதில்லை. 2023-இல் ‘இதை வாங்காதீர்கள்’ என்று சொல்லும் வீடியோக்கள் ஒரு அலையாகவே கிளம்பின. அவற்றில் சில வேறொரு பொருளை விற்கும் உத்தியாகவும் மாறின என்பது வேறு விஷயம்.

கண்ணுக்குத் தெரியாத பணம்

எனக்கு மிகுந்த கவலை தருவது இந்தப் பகுதிதான். நோட்டையும் சில்லறையையும் எண்ணிக் கொடுத்து மீதி வாங்கும் அனுபவம் பல பிள்ளைகளுக்கு மிகக் குறைவு. அவர்கள் பார்க்கும் பணம், திரையில் தட்டியதும் குறையும் ஓர் எண். அதிலும் ஆன்லைன் கேம்களில் அது நாட்டுப் பணமாகக்கூட இருப்பதில்லை. ரோப்லாக்ஸில் ரோபக்ஸ், ஃபோர்ட்நைட்டில் வி-பக்ஸ் என்று தனி நாணயம்.

ஒரு கேமில் குதிரைக்குச் சேணம் 90 ரத்தினம் என்று வைத்துக்கொள்வோம். ரத்தினங்கள் 80, 200, 500 என்ற கட்டுகளாகத்தான் கிடைக்கும். 80 போதாது, ஆகவே பிள்ளை 200 கட்டை வாங்குகிறது. சேணம் போக மீதி 110. அடுத்து ஆசைப்படும் கடிவாளம் 150. கையில் இருக்கும் 110-ஐ வீணாக்க மனம் வராது, இன்னொரு 80 வாங்கினால் போதும் என்று தோன்றும். வாங்கியதும் மீதி 40. இப்படி எப்போதும் கொஞ்சம் மீதி இருந்துகொண்டே இருக்கும்படிதான் அந்தக் கட்டுகளின் அளவே அமைகிறது. இதற்கிடையில் சேணத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று கேட்டால் பெரியவர்களே காகிதம் எடுத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்த வடிவமைப்பைப் பற்றி அரசுகளும் விழித்துக்கொண்டிருக்கின்றன. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ் நிறுவனம், அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் 52 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அதில் 27.5 கோடி, சிறுவர்களின் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்கான அபராதம். மீதி 24.5 கோடி, குழப்பமான பட்டன்களால் வேண்டாத பொருளை வாங்க நேர்ந்தவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ்களைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள், கேமுக்குள் இருக்கும் பொருளின் விலையை உண்மையான பணத்திலும் காட்ட வேண்டும் என்ற நெறியை வெளியிட்டன.

சரி, இல்லாத சேணத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். பிள்ளைக்கு அது இல்லாத பொருள் அல்ல. பள்ளி முடிந்ததும் நண்பர்கள் கூடும் இடம் அந்தக் கேம்தான். அங்கே எல்லோரும் பார்ப்பது தன் அவதாரை, அதாவது கேமுக்குள் தனக்காக நிற்கும் உருவத்தை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவதில் நமக்கு என்ன கிடைக்கிறதோ அதுவே அவர்களுக்கு அங்கே கிடைக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘வீண் செலவு’ என்று ஒதுக்கினால், அந்தச் செலவைப் பற்றிப் பிள்ளையுடன் பேச வழியே இல்லாமல் போகும்.

எதை மதிக்கிறார்கள்?

2018 ஆகஸ்டில், 15 வயதில், கிரெட்டா துன்பர்க் என்ற மாணவி, பருவநிலை மாற்றத்துக்கு எதிராக நடவடிக்கை கேட்டு ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே தனியாக அமர்ந்தார். அடுத்த ஆண்டே பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் ஜென் ஸீ. ஆல்ஃபா பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் ஒரு பாடமாகவும் வீட்டுப் பேச்சாகவும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு 1981-க்கும் 1996-க்கும் இடையில் பிறந்தவர்கள்தான் பெற்றோர். ஆகவே பிள்ளைகளின் மதிப்பீடுகள் என்று நாம் பட்டியலிடுவதில் ஒரு பங்கு பெற்றோரிடமிருந்து வந்தது. பத்து வயதில் சொல்லும் கருத்து இருபதில் நிலைக்குமா என்பதை இப்போதே யாராலும் சொல்ல முடியாது.

தன்னைப் போன்றவர்களையும் பொருட்களில் பார்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுவானது. பார்பி பொம்மை 2016-இல்தான் உயரம், குள்ளம், பருமன் என்று மூன்று புதிய உடல்வாகுகளில் வந்தது. தன் பொருட்களிலும் விளம்பரங்களிலும் ஆண் பெண் பாகுபாட்டை நீக்குவதாக லெகோ 2021-இல் அறிவித்தது. இதற்கு முன் பெரியவர்கள் போராடிப் பெற்ற மாற்றங்கள் இவை. இந்தப் பிள்ளைகளுக்கோ கடையில் முதலிலிருந்தே இருக்கும் சாதாரண விஷயங்கள். இல்லாவிட்டால்தான் ‘ஏன் இல்லை?’ என்று கேட்பார்கள்.

பழைய துணியைக் கூச்சமில்லாமல் வாங்குவதும் விற்பதும் இளையவர்களிடம் பரவியிருக்கிறது. 2008-இல் லித்துவேனியாவில் தொடங்கிய விண்டெட், 2011-இல் தொடங்கிய டிபாப் போன்ற தளங்கள் அதற்குப் பழக்கமான இடங்கள். ஆனால் அதே வயதினர்தான் ஷீஇன் போன்ற நிறுவனங்களின் மலிவான, சில தடவை போட்டுத் தூக்கிப்போடும் உடைகளையும் அள்ளுகிறார்கள். இது பாசாங்கா? நான் அப்படி நினைக்கவில்லை. நினைப்பதற்கும் செய்வதற்கும் இடையிலான இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் எல்லா வயதினரிடமும் பார்த்திருக்கிறார்கள். இளையவர்களிடம் காசு குறைவு, தோழர்களின் அழுத்தம் அதிகம், கடைசி முடிவு பெற்றோருடையது. ஒரு பிள்ளை பூமியை நேசிப்பதும் உண்மை, மலிவான சட்டைக்கு ஆசைப்படுவதும் உண்மை. கருத்துக் கணிப்பில் சொன்ன பதிலை மட்டும் நம்பிப் பொருள் தயாரிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பிள்ளைகளிடம் கேட்கும் முன்

இதையெல்லாம் படித்துவிட்டு, நாமே பிள்ளைகளிடம் பேசித் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றினால், அதற்கு எல்லைகள் உண்டு. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், 13 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தகவலை இணையத்தில் திரட்டப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அதை மீறியதாக எழுந்த வழக்கில் கூகுளும் யூடியூபும் 2019-இல் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைக்கும் விளம்பரத்துக்கும் அதில் இடமில்லை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. அந்த வயதினரை அங்கே இன்ஃப்ளூயன்சர் வழியாகத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இனி வேறு வழி பார்க்க வேண்டும்.

பெற்றோர் சம்மதித்த பிறகும் பிள்ளையிடம் தனியாக ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ‘உனக்கு எந்த பிராண்ட் பிடிக்கும்?’ என்ற கேள்வியில் அதிகம் கிடைக்காது. கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. அதைவிட, ‘நீ கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்ட பொருளை எங்கே முதலில் பார்த்தாய், காட்டு’ என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வீடியோவிலிருந்து எதற்குப் போகிறது, எதை ஒரு நொடியில் தள்ளிவிடுகிறது, யார் வந்ததும் நிற்கிறது, வீட்டில் யாரிடம் எந்த நேரத்தில் கேட்டது, வேண்டாம் என்றபோது என்ன செய்தது என்பதையெல்லாம் பிள்ளையே காட்டிவிடும். அப்புறம், அந்தப் பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.